யாருக்கும் தெரியாமல் வாழ்வதில் ஒரு சுகம் இருக்கிறது. உங்களுக்கும் அப்படித் தோன்றுகிறதா?

பழைய மேடை எழுதியது:

ரொம்ப நாளாக மனதில் இருப்பதை இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். பிரபலமாக இல்லாமல், நாலு பேரில் ஒருவராக வாழ்வதில் பெரிய நிம்மதி இருக்கிறது என்று நான் நம்புகிறேன். இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. 'எட்டாத பழம் புளிக்கும்' என்கிறார்கள். எனக்கு அந்தப் பழம் கொஞ்ச காலம் எட்டியது. அதனால்தான் சொல்கிறேன்.

இருபது வயதுகளில் ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் கடைசிச் சுற்று வரை போனேன். அப்புறம் சில வருஷம் சமூக மன்ற நிகழ்ச்சி, கோயில் விழா, கல்யாண வரவேற்பு என்று மேடை மேடையாகப் பாடினேன். சிங்கப்பூரில் தமிழ்ப் பிரபலம் என்பது ஒரு தனி மாதிரி. லிட்டில் இந்தியாவில் ரயிலை விட்டு இறங்கினால் எல்லாருக்கும் உங்களைத் தெரியும். ஆர்ச்சர்ட் கடைவீதியில் இறங்கினால் ஒருவருக்கும் தெரியாது. இந்த ஊரில் இந்தியர்களே நூற்றுக்கு ஒன்பது பேர்தான், அதில் தமிழ் நிகழ்ச்சி பார்ப்பவர்கள் இன்னும் குறைவு. சினிமா நட்சத்திரத்தை ஜனங்கள் தூரத்திலிருந்து பார்ப்பார்கள். இங்கே உரிமையோடு பக்கத்தில் வந்து பார்ப்பார்கள். பார்க்கிறவர் உங்கள் சித்தியின் பக்கத்து வீட்டுக்காரராகவோ, உங்கள் தம்பியின் தமிழாசிரியராகவோ இருப்பார்.

லிட்டில் இந்தியாவின் தேக்கா ஈரச்சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் நிற்கும் அம்மா, "போன வாரம் சரணத்துல சுருதி கொஞ்சம் இறங்கிடுச்சேம்மா, தொண்டை சரியில்லையா?" என்பார். அன்பாகத்தான் கேட்பார். இன்னொருவர், "இந்தச் சேலைதான் டிவியிலும் கட்டியிருந்தே" என்பார். இதையெல்லாம் தொல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காய் வாங்கப் போகும்போதும் மேடையில் நிற்பது போலவே இருக்கும்.

அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது நடந்தது ஒன்று. வெளியே நடைபாதையில், முகம்கூடக் கழுவாமல், நெகிழிப் பையில் அப்பாவின் செருப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவர் வந்து, தன் மனைவிக்கு என் பாட்டு என்றால் உயிர், ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எழுந்து நின்று சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். செருப்புப் பை படத்தில் தெரியாதபடி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன். அவர் மீது எனக்குக் கோபமே இல்லை, அவருக்கு என்ன தெரியும்? அந்தச் சிரிப்பு என்னைக் கேட்காமலேயே வந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது.

இப்போது ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தில் கணக்கு வேலை. வீணை கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறேன். ஆரம்பப் பாடமான சரளி வரிசையிலேயே விரல் இன்னும் தடுமாறுகிறது. தடுமாற முடிகிறதே, அதுதான் எனக்குச் சந்தோஷம். பாடகியாக இருந்த காலத்தில் புதிதாக எதையும் தொடத் துணிந்ததில்லை. கைதட்டல் வாங்கிய அதே பாட்டுகளைத்தான் திரும்பத் திரும்பப் பாடினேன். யாரும் பார்க்காதபோதுதான் மனுஷன் கற்றுக்கொள்கிறான் என்பது என் எண்ணம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

தெம்பனிஸ்காரன் எழுதியது:

அக்கா, அந்தச் செருப்புப் பையைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் நம் நீச்சல் வீரர் ஜோசஃப் ஸ்கூலிங். 2016 ரியோவில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணியில் 50.39 விநாடி. சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் தங்கம். அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸ் உட்பட மூன்று பேர் ஒரே நேரத்தில் இரண்டாவதாக வந்தார்கள், மூவருக்கும் வெள்ளி. அன்று காலை நாங்கள் கோப்பிக்கடையில் நின்றுகொண்டு பார்த்தோம். முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அந்தப் பிள்ளைக்கு அப்போது 21 வயது.

அதற்குப் பிறகு நடந்ததையும் பார்த்தோம். அவர் எடை கூடினால் அது ஊர்ப் பேச்சு. 2021-இல் டோக்கியோவில் முதல் சுற்றோடு வெளியேறியபோது இணையத்தில் எழுதியதையெல்லாம் படிக்கவே கூசியது. 2024-இல் ஓய்வு பெற்றுவிட்டார்.

நானும் வாரக் கடைசியில் எங்கள் வட்டார நீச்சல் குளத்துக்குப் போகிறேன். தொப்பையோடு போகிறேன். நாலு சுற்று நீந்திவிட்டு மூச்சு வாங்க ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வயது ஏறுவதும் உடம்பு தளர்வதும் எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருக்கிறது. அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அந்தத் தம்பியை நினைக்கும்போது தெரிகிறது.

---

மேடைப்பித்தன் எழுதியது:

மன்னிக்கவும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இது பெரும்பான்மைச் சமூகத்தில் இருப்பவர்கள் பேசக்கூடிய பேச்சு. நாம் நூற்றுக்கு ஒன்பது. நம்மில் ஒருவர் வெளியே தெரிய வந்தால்தான் நாம் இருப்பதே தெரிகிறது. எல்லாரும் 'எனக்கு நிம்மதி போதும்' என்று ஒதுங்கிவிட்டால் தமிழ் வகுப்பை யார் கேட்பது, அறிவிப்புப் பலகையில் தமிழ் தப்பாக இருந்தால் யார் எழுதுவது?

கோ. சாரங்கபாணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1935-இல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கினார். 1952-இல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். குடியுரிமை எடுங்கள் எடுங்கள் என்று நம்மவர்களை ஓயாமல் தூண்டினார். அவர் 'நான் பாட்டுக்கு ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன்' என்று இருந்திருந்தால் இன்று நம் கதை என்ன?

'தோன்றின் புகழொடு தோன்றுக' என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். தமிழ்மொழி மாதம் வந்தால் பிள்ளைகளுக்கு அதைத்தான் மேடையில் சொல்லிக் கொடுக்கிறோம். இங்கே வந்து 'யாருக்கும் தெரியாமல் இரு' என்றால் எப்படி?

---

வெண்கட்டி எழுதியது:

ஐயா, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அந்தக் குறளை நானும் நிறையப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்திருக்கிறேன், ஆகவே எழுதுகிறேன். 'புகழ்' என்ற அதிகாரம் எங்கே வருகிறது என்று பாருங்கள். 'ஈகை'க்கு அடுத்து வருகிறது. அதன் முதல் குறளே 'ஈதல் இசைபட வாழ்தல்' என்று கொடுப்பதில்தான் தொடங்குகிறது. ஒருவர் கொடுத்தார், வாங்கியவர்கள் அவரைப் பற்றிப் பேசினார்கள். முகம் தெரிவதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. சாரங்கபாணியும் அந்த வகை. வேலை முன்னால் போனது, பெயர் பின்னால் வந்தது. நீங்கள் சொன்ன ஆளை எதிர்த்து நான் எதுவும் சொல்லவில்லை, உங்கள் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் முதலிடம் பெற்ற பிள்ளைகளின் பெயரைக் கல்வி அமைச்சு அறிவிப்பதும், மறுநாள் செய்தித்தாளில் படம் வருவதும் வழக்கமாக இருந்தது. 2012-இல் அதை நிறுத்தினார்கள். இப்போதைய இளம் பெற்றோருக்கு அது மறந்தே போயிருக்கும். அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முடிவு வந்த நாளில் பூரித்து நிற்பார்கள், பெற்றோர் கண்ணில் தண்ணீர். அடுத்த வருஷம் உயர்நிலைப் பள்ளிக்குப் போனால் வகுப்பில் முதல் அறிமுகமே 'பேப்பரில் வந்த பிள்ளை'. வகுப்புத் தேர்வில் ஒரு கேள்வி தவறினாலும் அது செய்தியாகிவிடும். கணக்கில் சந்தேகம் கேட்கக் கை தூக்குவதற்குக்கூட யோசிப்பார்கள்.

பழைய மேடை அம்மா சொன்னதுதான் அங்கேயும் நடந்தது. தெரியாது என்று சொல்லும் வசதி அந்தப் பிள்ளைக்குப் போய்விட்டது. பெயர் அறிவிப்பை நிறுத்தியதால் எத்தனை பிள்ளைகளுக்கு அந்த வசதி திரும்பக் கிடைத்தது என்பதை யாரும் எண்ணப் போவதில்லை. எனக்கு அது இந்த நாட்டில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று.

---

காலைக் கோப்பி எழுதியது:

நான் உணவங்காடி நிலையத்தில் தண்ணிக்கடை, அதாவது கோப்பி, டீ விற்கும் கடை வைத்திருக்கிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன், காலையில் நேரம் இல்லை.

என் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு தோசைக்கடை. நல்ல கடை. யாரோ ஒருவர் வீடியோ எடுத்துப் போட்டார், ஒரே வாரத்தில் வரிசை மாடிப்படி வரை நின்றது. முதலில் எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும் வியாபாரம். அப்புறம் பார்த்தால், தினமும் வேலைக்குப் போகும் முன் இரண்டு தோசை சாப்பிடும் துப்புரவுத் தொழிலாளி ஆண்டிக்கு இடம் இல்லை. கடைக்கார அண்ணன் மாவு அரைக்கும் நேரத்தை நள்ளிரவு ஒரு மணிக்கு மாற்றினார். வந்தவர்கள் சாம்பாரைப் பற்றி நட்சத்திரம் போட்டு எழுத ஆரம்பித்தார்கள். வீட்டில் அம்மா செய்த மாதிரியே இத்தனை வருஷம் செய்த சாம்பாரை மாற்றலாமா என்று அவர் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

2016-இல் முதன்முதலாக இரண்டு அங்காடிக் கடைகளுக்கு, பெரிய உணவகங்கள் ஏங்கும் மிஷெலின் நட்சத்திரம் கொடுத்தார்கள். உலகமே இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அவர்கள் உழைப்புக்குக் கிடைத்தது, வாழ்த்துகிறேன். ஆனால் எனக்கு வேண்டாம். காலை ஐந்தரைக்கு வரும் டாக்சி அங்கிளுக்கு தே ஹாலியா (இஞ்சி டீ), சீனி குறைவு. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் அக்காவுக்குக் கோப்பி ஓ கொசோங் (பாலும் சீனியும் இல்லாத கோப்பி), பையில் கட்டி. அவர்கள் தலை தெரிந்ததும் கை தானாகப் போகிறது. அவர்களுக்கு என் முழுப் பெயர் தெரியாது, எனக்கும் அவர்கள் பெயர் தெரியாது. நான் இரண்டு நாள் கடை திறக்காவிட்டால் பக்கத்துக் கடையில் விசாரிப்பார்கள். எனக்கு இந்த அளவு போதும்.

---

பெயர் வேண்டாம் எழுதியது:

இதற்காகவே புதிதாகக் கணக்குத் திறந்து எழுதுகிறேன்.

நீங்கள் எல்லாரும் புகழ் வேண்டுமா வேண்டாமா என்று நாமே முடிவு செய்வது போலப் பேசுகிறீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

கர்ப்பமாகிச் சில வாரம்தான் ஆகியிருந்தது. வயிறு தெரியாது. ரயிலில் தலைசுற்றி, முன்னுரிமை இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். எதிரில் ஒரு வயதானவர் நின்றிருக்கிறார், நான் பார்க்கவில்லை. யாரோ படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். மாலைக்குள் என் பெயர், வேலை பார்க்கும் இடம், பழைய கல்யாணப் படம் எல்லாம் வெளியே வந்துவிட்டன. 'இந்தியர்களே இப்படித்தான்' என்று எழுதினார்கள். அலுவலகத் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டினார்கள். நான் கர்ப்பம் என்று என் மாமியாருக்கே அப்போது தெரியாது. விளக்கம் சொல்வதென்றால் ஊருக்கே அதைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

2014-இல் வந்த தொல்லைத் தடுப்புச் சட்டத்தை 2019-இல் திருத்தினார்கள். ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவருடைய அடையாள விவரங்களைப் பரப்புவது 2020 தொடக்கத்திலிருந்து குற்றம். சட்டம் இருப்பது நல்லதுதான். ஆனால் நீதிமன்றத்துக்குப் போனால் மறுபடியும் என் பெயர்தானே வெளியே வரும் என்று பயந்தேன். ரயிலை விட்டுவிட்டுப் பேருந்தில் போனேன், முகக்கவசம் போட்டுக்கொண்டு.

அப்புறம் ஊர் மறந்துவிட்டது. அடுத்த படம், அடுத்த ஆள். ஒரு நாள் மழைக்கு நான் குடை இல்லாமல் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் சீனப் பாட்டி ஒருவர், மலாய்க்காரப் பையன் ஒருவன். மூன்று பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சாதாரண ஆளாக இருப்பது எனக்குத் திரும்பக் கிடைத்த சொத்து.

---

ஞாயிற்றுக்கிழமை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் புதுக்கோட்டைப் பக்கம். இங்கே கட்டுமான வேலை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா அண்ணன்கள் சொல்வதெல்லாம் படித்தேன். பெயர் வேண்டாம் என்று எழுதிய அக்காவுக்கு நடந்தது பெரிய கொடுமை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியாமல் இருப்பதில் இரண்டு விதம் இருக்கிறது. எனக்கு இரண்டும் தெரியும்.

முதல் விதம். வேலை முடிந்து ரயிலில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். நிற்கிறவர்கள்கூட உட்கார மாட்டார்கள். 2020-இல் விடுதியில் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தோம். தினமும் தொற்று எண்ணிக்கை வரும். சமூகத்தில் இத்தனை, தங்கும் விடுதிகளில் இத்தனை என்று தனியாகப் போடுவார்கள். நாங்கள் எந்தச் சமூகம் என்று என் அறையில் இருந்த பெரியவர் ஒருவர் கேட்டார், எங்களில் யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்படி யார் கண்ணுக்கும் தெரியாமல் இருப்பதைச் சுகம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இரண்டாவது விதமும் சொல்கிறேன், அதுவும் உண்மை. ஊரில் என்னை எல்லாருக்கும் தெரியும். யார் மகன், என்ன சாதி, ஏஜெண்டுக்கு எவ்வளவு கடன் வாங்கிக் கொடுத்தான், அக்காவுக்கு எத்தனை பவுன் போட்டான், எல்லாம் தெரியும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் நான் உட்காரும் முன்னால் என் கணக்கு அங்கே உட்கார்ந்திருக்கும். இங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் புல்லில் உட்கார்வேன். பக்கத்தில் இருப்பவன் பரமக்குடியா பங்களாதேஷா என்று தெரியாது. கடலை வாங்கி அவனுக்கும் நீட்டுவேன், அவனும் எடுத்துக்கொள்வான். யாரு மகன் என்று கேட்க மாட்டான். அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கடன் இல்லை, சாதி இல்லை, தங்கச்சி கல்யாணம் இல்லை. விமானம் ஏறி வந்ததில் நான் கண்ட லாபம் அதுதான், சம்பளத்துக்கு அடுத்தபடி.

நான் வேலை செய்த கட்டடத்தில் என் பெயர் எழுத வேண்டாம். அந்த ஆசை எங்களில் யாருக்கும் கிடையாது. சம்பளச் சீட்டில் என் பெயரும் ஓவர்டைம் மணியும் சரியாக இருக்க வேண்டும். 2016 ஏப்ரலிலிருந்து விவரமான சம்பளச் சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. முன்பு வேலை செய்த ஒரு இடத்தில் அதையே கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினோம். கூலி கொடுக்கிறவனுக்கும் டாக்டருக்கும் என்னைத் தெரிய வேண்டும். மற்ற இடத்தில் என்னைத் தெரியாமல் இருந்தால் ரொம்ப நல்லது.

---

பழைய கட்டடம் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை அண்ணே, நீங்கள் பிரித்துச் சொன்னது மிகச் சரி. நான் வார இறுதிகளில் பழைய சிங்கப்பூரைச் சுற்றிக் காட்டுகிறவன், அதனால் ஒரு தகவல் மட்டும்.

நகர மண்டபத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1862-இல் அர்ப்பணிக்கப்பட்டது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தி அனுப்பப்பட்ட கைதிகள். 1825 முதல் 1873 வரை சிங்கப்பூரில் சாலை, பாலம், கட்டடம் என்று பெரும்பாலான வேலை அவர்கள் கையால் நடந்தது. உள்சுவரில் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம் மூன்றையும் தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்து, பூசிக் காய்ந்த பிறகு கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். தேய்த்தவர் யார் என்று நமக்குத் தெரியாது.

வருகிறவர்களில் சிலர், 'பெயர் தெரியாத கலைஞர்கள், எவ்வளவு அழகு!' என்று உருகுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அவர்கள் பெயரை விரும்பி விடவில்லை, பிடுங்கிக்கொண்டார்கள். கால் விலங்கு போட்டவனின் மௌனத்தையும், பழைய மேடை அக்கா மேடையை விட்டு இறங்கியதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. இறங்குவதற்கு முதலில் ஏறும் உரிமை வேண்டும்.

---

பொங்கோல் பொண்ணு எழுதியது:

எனக்கு 16 வயது. நான் இங்கே எழுதலாமா தெரியவில்லை, அம்மாவின் கணக்கில் படித்துக்கொண்டிருந்தேன், அப்புறம் என் கணக்கு திறந்தேன்.

பழைய மேடை ஆண்டி, கோபப்படாதீர்கள். நீங்கள் பிரபலமாக இருந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறீர்கள். எங்களுக்கு அது கிடைக்கவே இல்லையே. நான் பரதநாட்டியம் ஆடுகிறேன், வீடியோ போடுகிறேன். என் வகுப்பில் எல்லாரும் போடுகிறார்கள். யாரும் பார்க்காவிட்டால் நான் ஆடினேன் என்றே எனக்குத் தோன்றுவதில்லை. என் தோழியின் வீடியோவை நிறையப் பேர் பார்த்தார்கள், இப்போது அவளை ஆசிரியர்கள்கூட வேறு மாதிரி நடத்துகிறார்கள். நான் நன்றாக ஆடுகிறேன் என்று என் டீச்சர் சொல்கிறார். ஆனால் அது டீச்சருக்கு மட்டும்தான் தெரியும்.

சாதாரணமாக இருப்பதற்கும் தோற்றுப்போவதற்கும் என்ன வித்தியாசம்? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

---

பழைய மேடை எழுதியது:

கோபமே இல்லை, கண்ணு. இத்தனை பேர் எழுதியதில் பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி உன்னுடையதுதான்.

நீ சொன்னது சரி. எனக்குக் கைதட்டல் கிடைத்தது, அதனால் அது இல்லாமல் இருக்க முடிகிறது. உன் வயதில் எனக்கும் அந்த ஆசை இருந்தது. அது கெட்ட ஆசை என்று நான் சொல்ல மாட்டேன். ஆடு, வீடியோ போடு, நாலு பேர் பார்க்கட்டும்.

நான் கண்டதைச் சொல்கிறேன், உனக்குப் பொருந்துமா என்று பார். மேடையில் பாடிய காலத்தில், பாட்டு முடிந்ததும் நான் முதலில் பார்த்தது எதிரில் இருப்பவர்களின் முகத்தை. நன்றாகப் பாடினேனா என்று எனக்கே தெரியாது, அவர்கள் முகத்தில்தான் தெரிந்துகொள்வேன். கொஞ்சம் கொஞ்சமாக என் காது எனக்கு வேலை செய்யாமல் போய்விட்டது. பாட்டை விட்டுச் சில வருஷம் கழித்து எங்கள் வட்டார சமூக மன்றத்தில் சனிக்கிழமை சாயங்காலம் பாடும் ஒரு சின்னக் கூட்டத்தில் சேர்ந்தேன். எல்லாம் வேலை முடிந்து வருகிறவர்கள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தாளம் போடுவார். தாளம் தப்பினால் முகத்தைச் சுளிக்க மாட்டார், அந்த இடத்திலேயே நிறுத்தி, "மறுபடி எடும்மா" என்பார். எத்தனை தடவை தப்பினாலும் அதே குரல். கைப்பேசியை எல்லாரும் வாசலில் ஒரு கூடையில் போட்டுவிடுவோம். அங்கே ஒரு நாள் பாடும்போது ஒரு சங்கதி, பாட்டு வரியில் வரும் ஒரு நெளிவு, விழுந்தது. யாரும் 'ஆகா' சொல்லவில்லை, கவனிக்கவேகூட இல்லை போலிருக்கிறது. ஆனால் அது சரியாக விழுந்தது என்று என் காதுக்குத் தெரிந்தது. மேடையில் எனக்கு அது ஒரு நாளும் தெரிந்ததில்லை.

நீ தோற்றாயா என்று கேட்டால், உன் டீச்சருக்குத் தெரிகிறதே. ஆட்டம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்வது சாதாரண விஷயம் இல்லை. வீடியோ பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு நீ பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டியில் முட்டி சரியாகத் திரும்பியிருக்கிறதா என்று தெரியும்?

---

மேடைப்பித்தன் எழுதியது:

நேற்று எழுதியதிலிருந்து நான் இறங்கவில்லை. வெளியே நிற்க ஆள் வேண்டும், நம் சமூகத்துக்கு இன்னும் வேண்டும். ஆனால் இந்த இழையைப் படித்த பிறகு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்.

வெளியே நிற்கிறவர் நமக்காக ஒன்றை இழக்கிறார். சந்தையில் நிம்மதியாகக் காய் வாங்குவதை இழக்கிறார், மருத்துவமனையில் அழுவதை இழக்கிறார். அதில் கொஞ்சத்தையாவது அவருக்குத் திருப்பிக் கொடுப்பது பார்க்கிற நம் கையில்தான் இருக்கிறது. தேக்காவில் ஒரு செய்தி வாசிப்பாளரையோ நடிகரையோ பார்த்தால் கண்டுகொள்ளாமல் நகர்ந்து போகலாம். குழந்தையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் கைப்பேசியைத் தூக்காமல் இருக்கலாம். பாராட்ட வேண்டும் என்றால் வானொலிக்கோ நிலையத்துக்கோ ஒரு கடிதம் எழுதலாம், அது அவருக்கு வேலை நேரத்தில் போய்ச் சேரும். ரயிலில் தூங்கும் பெண்ணைப் படம் எடுப்பவனைப் பக்கத்தில் நிற்கிறவர் தடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு: ரயிலில் உங்கள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் நான் உட்காருவேன். இதை இங்கே எழுதுவது பெரிய விஷயம் இல்லை என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

---

ஞாயிற்றுக்கிழமை எழுதியது:

உட்காருங்க அண்ணே. சிமெண்ட் தூசி இருக்கும், பரவாயில்லையா? நான் தட்டிவிட்டுத்தான் ஏறுவேன்.

---

பெயர் வேண்டாம் எழுதியது:

பொங்கோல் பொண்ணு, நான் உனக்கு அறிவுரை எதுவும் சொல்லப் போவதில்லை. வீடியோ போடுவது என்று முடிவு செய்தால் இதையெல்லாம் பார்த்துக்கொள். பள்ளிச் சீருடையில் எடுக்காதே, சின்னத்தை வைத்தே பள்ளியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பின்னால் புளோக் எண்ணோ, பேருந்து நிறுத்தத்தின் பெயரோ தெரியும் இடத்தில் நிற்காதே. ஆடி முடித்து வீட்டுக்கு வந்த பிறகு போடு, ஆடிக்கொண்டிருக்கும்போதே நேரலையாக வேண்டாம். அம்மாவின் முழுப் பெயர், அவர் வேலை பார்க்கும் இடம் உன் பக்கத்தில் எங்கேயும் இருக்கக் கூடாது, பழைய பிறந்தநாள் படங்களையும் ஒரு தடவை தேடிப் பார். கருத்துப் பகுதியை உனக்குத் தெரிந்தவர்களுக்கு மட்டும் திறந்து வை.

யாராவது உன் உடம்பைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ எழுதினால் பதில் எழுதாதே. திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அன்றைக்கே அம்மாவிடம் காட்டு. நான் என் வீட்டில் காட்ட ரொம்ப நாள் எடுத்துக்கொண்டேன், அந்த நாட்கள்தான் எல்லாவற்றையும்விட நீளமாக இருந்தன.